பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தருகிறேன், உற்சாகம் வற்றிவிட்டது. யோசனைகளும் பாடப் பொருட்களும் எங்கே தேடுவது?

ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருக்கும், முதல் வேகம் இறங்கியிருக்கும், சேமித்து வைத்த இணைப்புகள் குவிந்து கிடக்கும், எதைத் தொடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். சரிதானே? இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் தருகிறவளாகச் சொல்கிறேன், பாடப் பொருளுக்கு இப்போது பஞ்சமே இல்லை. தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, பிள்ளை எதில் லயித்துப் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

என் மகனுக்கு மின்சாரப் பாடத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும். அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க வைக்கும் ஃபெட் (PhET) என்ற கொலராடோ பல்கலைக்கழக இணையதளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் பகுதி ஒன்று இலவசமாக இருக்கிறது. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்து மாட்டலாம். அவன் முதல் வேலையாக பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் ஒயரால் சேர்த்தான். குப்பென்று தீப்பிடித்தது. சிரிப்பு தாங்கவில்லை, திரும்பத் திரும்பக் கொளுத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை. அலுத்த பிறகு அவனே ஒரு பல்பை வைத்தான், அதற்கடுத்து வரிசையில் இன்னொன்று. வெளிச்சம் மங்கியது. "ஏம்மா, பல்பு கெட்டுப்போச்சா?" என்றான். இரண்டாவது பல்புக்கு பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுத்துப் பார் என்றேன். இரண்டுமே பளிச்சென்று எரிந்தன. அன்று ராத்திரி அதே பாடத்தை அவனே எடுத்துப் படித்தான்.

உடனே "பிள்ளையைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு இது ஒரு படிப்பா?" என்று சிலர் வருவார்கள். நாள் முழுக்க வைக்கச் சொல்லவில்லை. பள்ளிகளுக்கு எதிரியும் இல்லை நான், என் தங்கையே ஆசிரியைதான்.

மனம் சோர்ந்தால் நான் போவது பழைய ஆட்களிடம். ஜான் ஹோல்ட் பள்ளியில் பாடம் நடத்தியவர், 1977-ல் பள்ளிக்கு அனுப்பாத குடும்பங்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். 1923-ல் மறைந்த ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குட்டியாக இருக்க வேண்டும் என்றவர். ஒரே முறை படித்துக் காட்டு, அப்புறம் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும் என்பது அவர் முறை. என் மகளுக்குத் தேர்வே இல்லை, இதுதான். எங்கே புரியவில்லையோ அங்கே கதை சட்டென்று குட்டையாகிவிடும், கண்டுபிடித்துவிடலாம்.

கணக்குக்குக் கான் அகாடமி, புரோகிராமிங்குக்கு ஸ்கிராட்ச், தமிழ்க் கதைகளுக்கு ஸ்டோரிவீவர். மூன்றும் இணையதளங்கள், மூன்றுக்கும் காசில்லை. "இலவசப் பயிற்சித் தாள்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். தாள் இலவசம், மை யார் வீட்டுக் காசு? எங்கள் பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்தால் கறுப்பு எழுத்துகூட அச்சாகாது. எழுதப்போவது கறுப்பில், மஞ்சள் எதற்கு ஐயா? எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! இப்போது கேள்விகளை நோட்டில் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி மாதிரிச் சில இடங்களில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும்.

"நாலு பேரோடு பழகத் தெரியுமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: சாயங்காலமானால் என் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்து வருவதுதான் பெரும்பாடு. மேலும் சந்தேகம் இருந்தால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.