நெற்றிக் கட்டியை அகற்றக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் நெற்றியில் சில ஆண்டுகளாகப் பட்டாணி அளவில் கெட்டியான புடைப்பு ஒன்று இருக்கிறது; வலி இல்லை. சிடி ஸ்கேன் பார்த்த மருத்துவர், இது ஆஸ்டியோமா என்னும் சாதாரண எலும்பு வளர்ச்சி, எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம் என்கிறார். காப்பீட்டு நிறுவனமோ அழகு சிகிச்சை என்று மறுத்துவிட்டது. தனிநபர் கடன் வாங்கலாமா, அவசரகாலச் சேமிப்பை எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆஸ்டியோமா மிக மெதுவாக வளர்வது, புற்றுநோயாக மாறுவதில்லை. எனவே, தள்ளிப்போடுவதால் பாதகம் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து வாருங்கள். அவசரகாலச் சேமிப்பு, வேலையிழப்பு போலச் சொல்லாமல் வரும் இடர்களுக்கானது. தேதியை நீங்களே குறிக்கக்கூடிய செலவுக்கு அதைத் தொடுவது சரியல்ல.

தோற்றத்துக்காக மட்டும் செய்யும் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. கட்டி நெற்றிச் சைனஸுக்குள் (நெற்றி எலும்பினுள் இருக்கும் காற்றறை) நீண்டு அதன் வடிகாலை அடைப்பதாக ஸ்கேன் அறிக்கை சொன்னால், அது மருத்துவத் தேவை. அந்த அறிக்கையோடு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இல்லாத வலியை இருப்பதாக எழுதித் தரும்படி எந்த மருத்துவரையும் கேட்காதீர்கள். பொய்த் தகவலால் பாலிசியே ரத்தானால், நாளை பெரிய நோய் வரும்போது உங்கள் குடும்பம் பாதுகாப்பின்றி நிற்கும்.

செலவை முடிவுசெய்யும் இடம் வேறொன்று உண்டு. எண்டோஸ்கோப்பி முறையில், தலைமுடிக்குள் சிறு கீறலிட்டுக் கேமராவை நுழைத்து, உளியாலோ துளைக்கருவியாலோ எலும்பு வளர்ச்சியைச் செதுக்கி எடுப்பதால் நெற்றியில் தழும்பு விழுவதில்லை. புடைப்பின் மேலேயே கீறி எடுக்கும் முறைக்கு அந்தக் கேமரா தேவையில்லை. நெற்றிச் சுருக்கத்தை ஒட்டிக் கீறினால் தழும்பும் பெருமளவு மறைந்துவிடும். இரண்டுக்கும் எழுத்துபூர்வமான மதிப்பீடு வாங்குங்கள். அவற்றின் வித்தியாசம்தான் தழும்பில்லாத நெற்றிக்கு நீங்கள் தரப்போகும் விலை. அது உங்களுக்குத் தகுமா என்பதை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். தகும் என்றால் அதில் தவறேதும் இல்லை.

அந்த மதிப்பீட்டில் அறுவை அரங்கு, மயக்க மருந்து, திசுப் பரிசோதனை, மறுபரிசோதனை எல்லாம் அடக்கமா என்று பாருங்கள். முழு மயக்கம் இல்லாமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதுமா என்றும் கேளுங்கள். போதுமென்றால் செலவு கணிசமாகக் குறையலாம். வீக்கம் வடியும் வரை எடுக்கும் விடுப்பால் சம்பளம் குறையுமானால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் கட்டி விரைந்து பெரிதானாலோ, தொடர் தலைவலியோ பார்வைக் கோளாறோ தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள், அப்போது அவசரகாலச் சேமிப்பைத் தயங்காமல் எடுங்கள்.