பின் பிரேக்கை மிதித்தேன், வண்டி படுத்துவிட்டது: எங்கே தவறினேன்?

கேள்வி: இரண்டு வருடமாக 150 சிசி பைக் ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு சந்திப்பில் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த கார் திடீரென்று என் பாதைக்குக் குறுக்கே திரும்பியது. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் இழுத்தது. பயத்தில் காலை எடுத்தேன், அடுத்த நொடி கீழே கிடந்தேன். காரில் மோதவில்லை. முட்டியில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வலி. முன் பிரேக் லீவர் வளைந்துவிட்டது, ஹேண்டில் பாரும் கோணலாகத் தெரிகிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லித்தான் எனக்கு ஓட்டவே கற்றுக்கொடுத்தார்கள். கார் ஓட்டியவர் மேல்தான் தவறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? வண்டியை எப்போது எடுக்கலாம்?

பதில்: முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு குழி தெரியும். அங்கே அழுத்தும்போது வலித்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள். கையை ஊன்றி விழுபவர்களுக்கு அந்த இடத்தில் இருக்கும் சின்ன எலும்பு விரிசல் விடுவது சகஜம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. வலி நிற்கவில்லை என்றால் 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஹெல்மெட் தரையில் அடிபட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது, அடுத்த அடியைத் தாங்காது.

இனி விபத்துக்கு வருவோம். சட்டப்படி தவறு அந்தக் காருடையதாக இருக்கலாம். இது ஒன்றும் அபூர்வமான விபத்தும் அல்ல. ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் பைக்குக்கு வழிவிடத் தவறியதால் நடந்தவை. ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்ததும் நீங்கள் செய்ததுதான்: பின் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. யார் மேல் தவறு என்பதை அங்கேயே விட்டுவிட்டு, உங்கள் கையில் என்ன இருந்தது என்று மட்டும் பார்ப்போம்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. சாதாரணமாக ஓடும்போது முன்னும் பின்னும் பாதிக்குப் பாதியாக இருக்கும் பாரம், காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடிக்கையில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கும் மேல் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பாரம் இல்லாத டயருக்குப் பிடிப்பு ஏது? அதனால்தான் பின் சக்கரம் அவ்வளவு சீக்கிரம் பூட்டிக்கொண்டது. 50 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் ஏறக்குறைய 14 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். இன்னும் தெளிவாகச் சொன்னால், முதலாமவர் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 35 கி.மீ. இருக்கும்.

‘தூக்கி எறிந்துவிடும்’ என்ற பயம் எங்கிருந்து வருகிறது? லீவரைச் சட்டென்று கவ்விப் பிடிப்பதிலிருந்து. பாரம் முன்னால் வந்து சேருமுன் முழு பலத்தையும் கொடுத்தால் முன் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். லீவரை இரண்டு கட்டமாக அழுத்துங்கள். முதலில் மெல்ல அழுத்தினால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே இறங்கும், டயர் சாலையில் நன்றாக உட்காரும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுக்கிக்கொண்டே போகலாம். இரண்டுக்கும் நடுவே அரை நொடிகூட ஆகாது, பழகிய கைக்கு அது ஒரே அசைவு. எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கீழே தள்ளியது சறுக்கல் அல்ல, சறுக்கும்போது பிரேக்கை விட்டதுதான் என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. பின் சக்கரம் ஒரு பக்கமாக விலகி நிற்கும்போது காலை எடுத்தால், டயர் திடீரென்று சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியை மறுபக்கம் உதறும். அந்த உதறலில் ஆளைத் தூக்கிப் போடும் விபத்துகள் மோசமானவை, நீங்கள் சிராய்ப்போடு தப்பியது பெரிய விஷயம். இதை மனதில் வையுங்கள்: பின் சக்கரம் பூட்டியும் வண்டி நேராகவே போகிறது என்றால் காலைத் தளர்த்தி மறுபடி மெதுவாக மிதிக்கலாம். நன்றாக விலகிவிட்டது என்றால் பெடலை விடாமல், போக வேண்டிய திசையைப் பார்த்தபடி நிற்கும்வரை பிடித்திருங்கள். முன் சக்கரம் பூட்டினால் நேர்மாறு: உடனே லீவரை விட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லீவர் துடிப்பது இயல்பு, பயந்து விட்டுவிடாதீர்கள். ஆனால் சில வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் வழக்கம்போல் பூட்டும். உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், பிரேக்கைவிட முக்கியமானது அதற்கு முந்தைய மூன்று நொடி. ஒரு தாளை எடுத்து விபத்தைப் பின்னாலிருந்து எழுதிப் பாருங்கள். விழுந்தீர்கள். அதற்கு முன் பிரேக். அதற்கு முன் கார் திரும்பியதைப் பார்த்தீர்கள். அதற்கும் முன்? அந்தக் கார் வேகம் குறைத்ததா, நடுக்கோட்டை ஒட்டி வந்ததா? நீங்கள் ஒரு வேனுக்கோ லாரிக்கோ பின்னால் ஒட்டி வந்தீர்களா? அப்படியானால் திரும்பக் காத்திருந்தவருக்குத் தெரிந்தது லாரியும் அதன் பின்னால் ஒரு காலி இடமும்தான். அந்தக் காலி இடத்தில்தான் நீங்கள் இருந்தீர்கள். பைக் நேர் எதிரே வரும்போது அதன் உருவம் பக்கவாட்டில் நகர்வதில்லை, மெல்லப் பெரிதாகிறது, அவ்வளவுதான். அதனால் பார்ப்பவருக்கு அது தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் படும். சந்திப்பை நெருங்குகையில் உங்கள் லேனுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்தால் அந்தத் தோற்றம் கலையும்.

திரும்பக்கூடிய காரைப் பார்க்கும்போது ஓட்டுநரின் கண்ணை நம்பாதீர்கள். உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே திரும்புபவர்கள் உண்டு. முன் சக்கரத்தைப் பாருங்கள். உருளும் சக்கரத்தின் மேல்விளிம்பு, காரின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நகர்கிறது. அதனால் கார் அசையத் தொடங்குவது பாடியைவிடச் சக்கரத்தில்தான் முதலில் கண்ணில் படும்.

அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டு விரலை லீவர் மேல் வையுங்கள், 50-லிருந்து 40-க்கு இறங்குங்கள். சந்திப்புக்கு முந்தைய 100 மீட்டரில் இதனால் உங்களுக்கு 2 நொடிகூடத் தாமதமாகாது. ஆனால் பார்த்து, உணர்ந்து, பிடித்து, நிற்க ஆகும் மொத்தத் தூரம் 28 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 20-க்குக் குறையும். விரல் ஏற்கெனவே லீவரில் இருப்பதால் இன்னும் சில மீட்டர் மிச்சம். உங்களுக்கு நேர்ந்தது போன்ற விபத்தில் எல்லாம் அந்தச் சில மீட்டரில்தான் இருக்கிறது.

வண்டியைப் பொறுத்தவரை, வளைந்த லீவரைத் திரும்ப நிமிர்த்தாதீர்கள். அது அலுமினிய வார்ப்பு. நிமிர்த்தும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அவசரத்தில் பலமாகப் பிடிக்கும்போது முறியும். புதிது போடுங்கள். ஹேண்டில் கோணல் என்பதற்குப் பார் வளைந்திருப்பதும் காரணமாக இருக்கலாம், ஃபோர்க் தன் கிளாம்பில் முறுக்கிக்கொண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். முறுக்கு மட்டும் என்றால் கிளாம்ப் போல்ட்டுகளையும் சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலையும் தளர்த்தி நேராக்கி இறுக்கிவிடுவார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது ‘கடக்’ என்று உட்கார்ந்தால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அப்படியே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் வளைவு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர்க் குழாயை விரலால் துடைத்துப் பார்க்கவும், எண்ணெய் ஒட்டினால் சீல் கசிகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால், ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தானாகச் சட்டென்று திரும்பிவர வேண்டும். இத்தனையும் சரியான பிறகுதான் வண்டி சாலைக்கு வரலாம்.

கை வலி முழுதாகப் போனதும், ஆளில்லாத, மணல் இல்லாத, காய்ந்த திடலில் பழகுங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதான். தரையில் ஒரு கோடு போட்டு, 20 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கும். முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள்ளுங்கள், முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், பார்வை தூரத்தில். கீழே பார்த்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். நிற்கப் போகும் கடைசிக் கணத்தில் கிளட்ச். ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். கற்கள் ஒரே இடத்தில் குவியத் தொடங்கினால் 30-க்குப் போங்கள், பிறகு 40. ஒரு நாளில் 15, 20 தடவை போதும். கை களைத்த பிறகு செய்வது தப்பான பழக்கத்தைத்தான் ஊன்றவைக்கும். முதல் ஒரு மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. மழைக்காலம் தொடங்கும்போது ஈரத் தரையிலும் 20-லிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள், அங்கே கற்கள் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று உங்களுக்கே தெரியும்.