ஆவணப்படத்துக்கு வகுப்புத் தோழர்களிடம் பணம் கேட்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மணி நேர ஆவணப்படம் எடுக்கிறேன். மொத்தச் செலவு 9 லட்சம் ரூபாய் ஆகும். ஒரு நாள் படப்பிடிப்புக்கே 22,000. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. அதே ஊரில் பள்ளியில் உடன் படித்த 64 பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். சிலர் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாமா? நட்பு கெட்டுவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கேளுங்கள். குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்துத்தான் 1976-இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' உருவானது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா திரைப்படக் குழுவினரும் ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு மக்களிடம் திரட்டிய காசில் 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். இரண்டும் கதைப்படங்கள்தாம். ஆனாலும் பணம் வந்த வழி உங்களுக்கும் பொருந்தும். பெரிய மனிதர் ஒருவரின் காசோலையைவிட நாற்பது பேரின் சிறு தொகை படத்துக்குப் பாதுகாப்பு.

நட்பு கெடுவது பணம் கேட்பதால் அல்ல, பெயரையும் தொகையையும் ஊரறிய எழுதுவதால். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நோட்டில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று வாங்கியதை நாளை திருப்பிச் செய்ய வேண்டும். உங்கள் தோழர்கள் தருவது அப்படிப்பட்ட பணம் அல்ல. என் முதல் படத்துக்கு 31 பேர் உதவினார்கள். நன்றி சொல்லும் ஆர்வத்தில் பெயரையும் தொகையையும் வரிசையாகக் குழுவில் பதிந்தேன். முப்பதாயிரம் தந்தவருக்கு அடுத்த வரியில் 500 ரூபாய் தந்த நண்பரின் பெயர் இருந்தது. அந்த மாதம் அவர் வீட்டில் மருத்துவச் செலவு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றிரவே அவர் குழுவை விட்டு வெளியேறினார். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. எனவே தொகைகள் உங்களுக்கும் கணக்கு பார்ப்பவருக்கும் மட்டும் தெரியட்டும். படத்தின் முடிவில் எல்லாப் பெயர்களும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

கணக்கு பார்ப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. வங்கியிலோ பள்ளி அலுவலகத்திலோ வேலை பார்த்த ஒருவர் எந்த வகுப்பிலும் இருப்பார். அவரிடம் பொறுப்பை விடுங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒரு முறை ஒரு பக்க வரவு செலவு. வாடகை வேனுக்குக் கொடுத்த 3,500 ரூபாயும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. குறையும் ஆறரை லட்சத்தையும் மொத்தமாகக் கேட்காதீர்கள். கேட்பவருக்கு மலைப்பாக இருக்கும். ஐந்து நாள் படப்பிடிப்புக்கு 1,10,000, நான்கு நிமிட முன்னோட்டம் தொகுக்க 40,000, ஆக ஒன்றரை லட்சம். முதலில் இதை மட்டும் கேளுங்கள். கையில் முன்னோட்டம் இருந்தால் பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற நல்கை அமைப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். கொல்கத்தாவில் ஆவணப்படங்களுக்கென்றே நடக்கும் டாக்எட்ஜ் போன்ற சந்திப்புகளில் தயாரிப்பாளர்கள் முன் படத்தை எடுத்துச் சொல்லலாம். தோழர்களின் பணத்துக்கு இந்தக் கதவுகளைத் திறக்கும் வேலையைக் கொடுங்கள்.

குழுவில் எழுதும் முன் நெருக்கமான ஆறு பேரிடம் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் தந்த பிறகு குழுவில் இப்படி எழுதலாம்: "நம் ஊர் உப்பளத்தில் வேலை செய்வோரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். ஐந்து நாள் படப்பிடிப்புக்கும் முன்னோட்டத்துக்கும் ஒன்றரை லட்சம் தேவை, 48,000 சேர்ந்துவிட்டது. இது முதலீடு அல்ல, திரும்ப வராது. படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். முடிந்தவர்கள் தனியே எனக்கு எழுதுங்கள். முடியாதவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை." கடைசி வாக்கியம் அவசியம். நினைவூட்டல் ஒரு முறை போதும்.

"லாபத்தில் பங்கு தருகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆவணப்படம் போட்ட பணத்தை எடுப்பதே அபூர்வம். அதோடு பலரிடம் லாபம் சொல்லிப் பணம் திரட்டினால் நிறுவனச் சட்டமும் வைப்புத்தொகைச் சட்டமும் குறுக்கே வரும்.

வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் தனிநபர் பெறும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. வகுப்புத் தோழர் எவ்வளவு நெருக்கமானாலும் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்ல. நீங்கள் முதலில் கேட்கப்போகும் ஒன்றரை லட்சமே இந்த வரம்பைத் தாண்டுகிறது. இதற்காகக் கலை, பண்பாட்டு நோக்கமுள்ள அறக்கட்டளை ஒன்றின் வழியே பணம் பெறுபவர்கள் உண்டு. நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் அனுமதி (80ஜி என்று அறியப்படுவது) உள்ள அறக்கட்டளை என்றால் கொடுப்பவருக்கும் வரிச்சலுகை கிடைக்கும். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதுவும் இல்லை. இந்த வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். அறக்கட்டளை தயாரிப்பாளராகிவிட்டால், நீங்கள் இயக்கிய படம் உங்கள் கையில் இருக்காது. உரிமை யாருக்கு என்பதை முதல் ரூபாய் வரும் முன்பே எழுதி வாங்குங்கள். பட்டயக் கணக்கர் ஒருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். அந்தக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் எங்கே வசிக்கிறார்கள் என்பதைவிட எந்தப் பாஸ்போர்ட் என்பதே முக்கியம். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் துபாயில் இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், தந்தால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அவர் சப்டைட்டிலைத் திருத்தித் தரட்டும், தன் ஊரில் திரையிடலுக்கு ஏற்பாடு செய்யட்டும். அதுவும் பெரிய உதவிதான்.

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நீங்கள் தூத்துக்குடியில் படித்தவர். அந்த 64 பேரில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. அவர் நல்ல மனத்தோடே தந்தாலும் வாங்காதீர்கள். உங்களிடம் கூலியைப் பற்றியும் கண் எரிச்சலைப் பற்றியும் பேசப்போகும் அம்மா அந்தப் பாத்தியிலேயே வேலை செய்பவராக இருக்கலாம். அதே காரணத்துக்காக, முகமும் குரலும் தெரியும் காட்சியை அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் குழுவில் போடக் கூடாது. பணம் திரட்டக் காட்டும் முன்னோட்டம் எந்தக் கைபேசிக்கும் போய்ச் சேரும். அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றால் பாதிக்கப்படுவது அவர்தான்.

பட்ஜெட்டில் ஒலிக் கலவை, நிறத் திருத்தம், இரண்டு பிரதிகளுக்கான ஹார்டு டிஸ்க், விழா நுழைவுக் கட்டணம் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

ஐப்பசி மழை வந்தால் உப்பு வாருதல் நின்றுவிடும். முதல் ஐந்து நாளைச் செப்டம்பருக்குள் முடியுங்கள். வேலை இல்லாத அந்த மழை மாதங்களையும், அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு ஒரு வீடு எப்படி ஓடுகிறது என்பதையும் படம் பிடிக்க இரண்டு நாள் ஒதுக்கிவையுங்கள். அந்த 44,000-ஐ இரண்டாம் சுற்றில், முன்னோட்டத்தைக் காட்டிக் கேளுங்கள்.