லாக்அப்பை எங்கே வைப்பது? போலீஸ் நிலையச் சீரமைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வருடம் தவறாமல் மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். எங்கள் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் கூரை ஒழுகுகிறது. மன்றம் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: அது மன்றத்தின் பொறுப்பு அல்ல. மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி போலீஸ் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே பணம் உள்துறை அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும். ஒழுகும் கூரை, பழைய ஒயரிங், சாயம் போன்ற பராமரிப்புக்கு அந்த ஆண்டின் நிர்வாகச் செலவில் இடம் கேட்கலாம். புது மாடி, புதுக் கட்டடம் என்றால் அது மேம்பாட்டுச் செலவு. 2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டத்துக்குள் நுழைய வேண்டும். நிர்வாகச் செலவில் ஒரு சிக்கல் உண்டு: கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. செப்டம்பரில் ஒப்புதல் வந்தால், மழைக்காலத்தில் கூரையைப் பிரித்துக்கொண்டு நிற்க நேரிடும். மனு கொடுப்பதாக இருந்தால் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

கேள்வி: ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா வணிகர்கள் சேர்ந்து 30,000 ரிங்கிட் திரட்டியிருக்கிறோம். நிலையத் தலைவரிடமே கொடுத்து முகப்பிடத்தைச் சீரமைக்கச் சொல்லலாமா?
வாசகர், பினாங்கு

பதில்: கையில் கொடுக்கவே கூடாது. நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும், நாளை அந்த வணிகர்களில் ஒருவர் மீது புகார் வந்தால் அதே பணம் வேறு மாதிரி பேசப்படும். நன்கொடை தர விரும்புவதை முதலில் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு அரசாங்கக் கணக்கில் செலுத்தி அதிகாரபூர்வ ரசீது வாங்குங்கள். அரசாங்கத்துக்குப் பணமாகத் தரும் நன்கொடைக்கு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிரிவு 44(6)இன் கீழ் வரிக் கழிவு உண்டு. டைல்ஸாகவோ ஆள் கூலியாகவோ கொடுத்தால் அந்தப் பிரிவு உதவாது. நிறுவனங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நிறுவனத்தைச் சேர்ந்தவர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தையே பொறுப்பாக்கும் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 1.6.2020 முதல் நடப்பில் உள்ளது. இயக்குநர் கூட்டத் தீர்மானம் இல்லாமல் பணம் நகரக் கூடாது.

ஏர்கோன் வாங்கித் தர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றினால்தான் அடுத்த வருடம் சர்வீஸுக்குப் பணம் கேட்க முடியும். பதியாத ஏர்கோன் ஒரு முறை கெட்டால் சுவரில் அலங்காரமாக நிற்கும்.

கேள்வி: சிறு குத்தகையாளர் நான். நிலையத்தை மூடாமல் வேலை செய்ய வேண்டுமாம். எங்கே தொடங்குவது?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சிமெண்டில் அல்ல, இடமாற்றத்தில் தொடங்குங்கள். கடை என்றால் பாதி மூடி பாதியில் வேலை பார்க்கலாம். இங்கே மூட முடியாதவை நான்கு: லாக்அப், ஆயுத அறை, வழக்குச் சான்றுப் பொருள் அறை, வானொலித் தொடர்பு. இவற்றுக்கு மாற்றிடம் எழுத்தில் உறுதியாகும் முன் வேலை அட்டவணை போடுவது வீண்.

ஓர் அறைக்குக் கம்பி போட்டால் லாக்அப் ஆகிவிடாது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடமாக இருக்க வேண்டும். அதனால் கைதிகளை வேறு நிலையத்துக்கோ, ஜிஞ்சாங் மைய லாக்அப் போன்ற இடத்துக்கோ அனுப்புவார்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டியிருப்பதால், கூடுதல் வண்டியும் காவலும் தேவைப்படும். அந்தச் செலவு உங்கள் விலைப்பட்டியலில் இருக்காது. ஆனால் நீங்கள் தாமதித்தால் போலீஸாருக்கு ஒவ்வொரு நாளும் வலிக்கும். லாக்அப் பகுதியை முதல் கட்டமாக முடித்துக் கொடுப்பது நல்லது.

வானொலி, தொலைபேசி கேபிளைப் பொறுத்தவரை, புதியதை இழுத்துச் சோதித்த பிறகே பழையதை வெட்டுங்கள். புகார் முகப்பிடத்தைக் கடைசியாக நகர்த்துங்கள். வாசலில் கேபின் போட்டால் போதும்; பொதுமக்கள் எந்த நிலையத்திலும் புகார் செய்யலாம் என்ற அறிவிப்பும் இருக்கட்டும்.

வேலை வரிசை: கூரை, பிறகு ஒயரிங், பிறகு பூச்சு, கடைசியில் சாயம். திறப்பு விழாவுக்காகச் சாயத்தை முன்னால் இழுப்பதுதான் வழக்கமான தவறு. பழைய சீலிங் பலகை, தூசு நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். துளை போடும் முன் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தண்ணீரில் நனைத்து, உடைக்காமல் முழுப் பலகையாக இறக்க வேண்டும். அந்தக் கழிவு அபாயக் கழிவுப் பட்டியலில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் வருவது. சாதாரணக் கட்டடக் குப்பைக்கான ரோரோ தொட்டியில் போட்டால் குற்றம். ஒயரிங் முடிந்ததும், ஒயர் உறை மின்கசிவைத் தடுக்கிறதா என்று காட்டும் காப்புத் தடையை 500 வோல்ட்டில் அளந்து, குறைந்தது 1 மெகாஓம் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதிபெற்ற ஒயர்மேன் போராங் ஜி (வேலை முடிப்புச் சான்று), போராங் எச் (சோதனைச் சான்று) இரண்டிலும் கையெழுத்திட வேண்டும்.

லாக்அப்பில் கொக்கி, வெளியே தெரியும் குழாய், திரைக் கம்பி எதுவும் கூடாது; கயிறு மாட்ட இடம் கிடைத்தால் உயிர் போகும். விளக்கைக் கூரைக்குள் புதைத்து பாலிகார்பனேட் மூடி போடுங்கள். கழிவறைக் குழாயை அறைக்கு வெளியிலிருந்து பழுது பார்க்கும்படி அமையுங்கள்.

வாசல் சரிவுப் பாதை 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். படிகளின் மொத்த உயரம் 45 செண்டிமீட்டர் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். முற்றத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று விலை போடும் முன்பே டேப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பீச் ஸ்திரீட் பக்கத்துப் பழைய அரசாங்கக் கட்டடச் சுவர்களில் ஒவ்வொரு வருடமும் சாயம் உரிகிறது. ஏன்?
வாசகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவருக்கு யாரோ சிமெண்டு பூசியிருப்பார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பைச் சுமந்துகொண்டு சாயத்தைத் தள்ளுகிறது. கறை ஏறிய உயரத்துக்கு மேல் ஒரு முழம் வரை சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரைக் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூச வேண்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்புச் சாயம் போதும். ஜோர்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால், பாரம்பரிய மண்டலத்தில் வெளிச்சுவரைத் தொடும் முன் மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவைக் கலந்தாக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அட்டவணையில் சேருங்கள்.

கேள்வி: துணைக் குத்தகைக்கு ஒயரிங் முடித்துக் கொடுத்தேன். "அரசாங்கம் கொடுத்தால்தான் உனக்கு" என்கிறார் முதன்மைக் குத்தகையாளர். போலீஸ் கட்டடம் என்பதால் சட்டம் கைகொடுக்காதா?
வாசகர், பிறை

பதில்: கைகொடுக்கும். 2012ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் பட்டுவாடா, தீர்ப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, "எனக்கு வந்தால் உனக்கு" என்ற நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. சில ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தரும் 2014ஆம் ஆண்டு ஆணை போலீஸ் கட்டடங்களைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அது அரசாங்கமே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்கு. உங்களுடையது இரண்டு தனியாருக்கு இடையில். எழுத்து மூல ஒப்பந்தம், விலைச்சிட்டை, அளவுத்தாள் மூன்றையும் சேர்த்துப் பட்டுவாடாக் கோரிக்கை அனுப்புங்கள். 10 வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன கூடுதல் ஒயரிங் பாயிண்ட்டுகள் இருந்தால், வாட்ஸ்அப் செய்திகளை இன்றே அச்செடுத்து வையுங்கள்.