வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை என்ன செய்வது?

கேள்வி: கைத்தறிப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். வேர்ட்பிரஸ் (வலைத்தளம் நடத்தும் மென்பொருள்), வூகாமர்ஸில் (அதில் கடை நடத்த உதவும் பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள்) வலைத்தளம் செய்து தந்தவர், எனக்கும் பதிவு எழுதும் பெண்ணுக்கும் ஆர்டர் பார்க்கும் தம்பிக்கும் தனித்தனியாக அட்மின் (முழு அனுமதியுள்ள) லாகின் கொடுத்தார். எழுதும் பெண் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறார். அவர் கணக்கை நீக்கினால் எழுதியதெல்லாம் போய்விடுமா? புதிதாக வருபவருக்கு எந்த அனுமதி தருவது?

பதில்: போகாது. நீக்கும்போது ஒரு கேள்வி வரும்: இவர் போட்டதையெல்லாம் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைக் காட்டுங்கள். முதலாவதைத் தொடவே வேண்டாம். நீக்கப் பயமாக இருந்தால், அவர் கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, அவர் பொறுப்பை (தளத்தில் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதியை) 'இந்தத் தளத்தில் பொறுப்பு இல்லை' என்று வைத்துவிடுங்கள். அதுவும் போதும்.

ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அட்மினாக இருப்பவர் இன்னொரு அட்மினைப் புதிதாக உருவாக்க முடியும். இன்றே அவரை ஆத்தராக (தன் பதிவுகளை மட்டும் கையாளும் பொறுப்பு) இறக்கிவிட்டு, பயனர் பட்டியலில் எத்தனை அட்மின் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அது யார் என்று கேளுங்கள்.

ஆர்டர் பார்க்கும் தம்பிக்கு ஷாப் மேனேஜர் பொறுப்பு சரியாக இருக்கும். புதிதாக எழுத வருபவருக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காண்ட்ரிபியூட்டர் என்ற பொறுப்பில் இருப்பவர் எழுதலாம், வெளியிட முடியாது. நீங்கள் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். புது ஆளுக்கு இது நல்லது. ஆனால் காண்ட்ரிபியூட்டரால் படம் ஏற்ற முடியாது. படம் இல்லாமல் புடவையைப் பற்றி என்ன எழுதுவது? வெளியான பிறகு தன் பதிவில் ஓர் எழுத்துப்பிழையைக்கூட அவரால் திருத்த முடியாது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் பலரும் நேரே அட்மின் கொடுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம், ஆத்தர் கொடுங்கள். படம் ஏற்றலாம், தன் பதிவை வெளியிடலாம், பிறர் பதிவைத் தொட முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வெளியான தன் பதிவுகளை ஆத்தரே அழிக்கவும் முடியும். குப்பைத்தொட்டியில் அவை வழக்கமாக 30 நாள் இருக்கும். ஆனால் அங்கிருந்தும் அவரே நிரந்தரமாக நீக்கிவிடலாம். அதனால் வாரம் ஒரு பேக்கப் அவசியம்.

எழுதலாம், படம் ஏற்றலாம், ஆனால் வெளியிடக் கூடாது என்று ஒரு பொறுப்பு இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பு முறை 2005 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 2.0 பதிப்பில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் இந்தச் சின்னத் தேவைக்கு ஒரு பிளகின் போட வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், உண்மையான ஆபத்து அங்கேதான். தளம் செய்து தந்தவர் ஏன் எல்லோருக்கும் அட்மின் கொடுத்தார்? "அது திறக்கவில்லை, இது வரவில்லை" என்று நீங்கள் போன் செய்யக் கூடாது என்பதற்காக. தளம் செய்து தருபவர்களில் சிலர் டொமைனையும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கையும் (தளம் இருக்கும் வாடகை இடம்) தங்கள் பெயரில், தங்கள் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டியது நீங்களாக இருந்தாலும், பதிவில் பெயர் இருப்பவர்தான் டொமைனுக்கு உரிமையாளர். பிறகு புதுப்பிக்கும் நேரத்தில் கேட்ட தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஹோஸ்டிங் அவர் கையில் இருந்தால், நீங்கள் அவரைப் பயனர் பட்டியலிலிருந்து நீக்கினாலும் தரவுத்தளம் (தளத்தின் தகவல்கள் சேமிக்கப்படும் இடம்) வழியாக அவரால் மறுபடி அட்மினாக நுழைய முடியும்.

அதனால் முதலில் மூன்று விஷயங்களை அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: டொமைன் எந்த நிறுவனத்தில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் கணக்கின் மின்னஞ்சல் எது. "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். அவருக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தால், டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு கொடுங்கள். மாறியதும் ஹோஸ்டிங் பாஸ்வேர்டை நீங்களே புதிதாக வையுங்கள். அப்புறம் வேர்ட்பிரஸ் பொது அமைப்பில் இருக்கும் நிர்வாக மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். புது முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் மாற்றம் நடக்கும்.