துணிகர முதலீட்டுப் பணம் எந்த வழியே திரும்புகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவர்): 2021இல் ஸ்டார்ட்அப்களுக்குக் கொட்டிய பணம் பிறகு ஏன் வற்றியது, ஐயா?

பதில்: நிறுவனங்களைக் குறை சொல்வதற்கு முன் அமெரிக்க வட்டி விகிதத்தைப் பாருங்கள். 2021இல் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அது, 2023 ஜூலையில் 5.25–5.5 சதவீதத்தை எட்டியது. அப்போது அமெரிக்க அரசுக் கடன் பத்திரமே ஏறக்குறைய ஐந்து சதவீதம் தந்த நிலையில், பத்தாண்டு காத்திருந்தும் முதல் திரும்புமா என்று தெரியாத துணிகர முதலீட்டு நிதியில் (பலரிடம் பணம் திரட்டி, வளரும் புதிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் நிதியில்) ஓய்வூதிய நிதியங்கள் தயங்காமல் பணம் போட்டிருக்குமா?

கேள்வி (தொழில்முனைவோர்): இப்போது முதலீட்டாளர்களின் முதல் கேள்வி என்ன?

பதில்: "எப்போது, எப்படி வெளியேறுவோம்?" என்பதுதான்; அதாவது, பங்கை விற்றுப் பணத்தை எடுப்பது எப்போது, எப்படி என்று. முன்பெல்லாம் நிதி மேலாளர்கள் நிறுவனம் அடுத்த சுற்று முதலீடு திரட்டும்போது கிடைத்த மதிப்பீட்டைக் காட்டியே புதிய நிதி திரட்டினார்கள். இன்று அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள், காகிதத்தில் உயர்ந்த மதிப்பை விட்டுவிட்டு, கைக்குத் திரும்பிய தொகையைக் கணக்குக் கேட்கிறார்கள். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பேடிஎம் பங்கு முதல் நாளிலேயே 27 சதவீதம் சரிந்தபோது, தனியார் சுற்றுகளின் விலையைப் பொதுச் சந்தை அப்படியே ஏற்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே பழைய முதலீட்டாளரின் பங்கை இன்னொரு நிதி வாங்கும் இரண்டாம் நிலை விற்பனைகள் பெருகியுள்ளன. தனியார் பங்கு முதலீட்டில் (பங்குச் சந்தைக்கு வெளியே நிறுவனப் பங்குகளை வாங்கும் முதலீட்டில்), ஒரே மேலாளர் தம் பழைய நிதியிலுள்ள நிறுவனத்தைத் தாமே நடத்தும் புதிய 'தொடர்ச்சி நிதி'க்கு மாற்றும் வழக்கமும் பரவிவருகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்பதால், சார்பற்ற மதிப்பீடு இல்லாத விலையை நான் நம்பமாட்டேன்.

கேள்வி (கணக்காளர்): வெளிநாட்டில் பதிவான நிறுவனங்கள் ஏன் இந்தியாவுக்குத் திரும்புகின்றன?

பதில்: இங்கேயே பங்குச் சந்தையில் பட்டியலிட முடியும் என்ற நம்பிக்கையும், நிதிச் சேவை நிறுவனங்களை உள்நாட்டுக் கட்டுப்பாட்டாளர்கள் நெருக்கமாகக் கண்காணிப்பதும் முக்கியக் காரணங்கள். 2022இல் ஃபோன்பே சிங்கப்பூரிலிருந்து வந்தது. அமெரிக்காவிலிருந்து 2024இல் திரும்பிய பங்கு வர்த்தகச் செயலி நிறுவனமான க்ரோ, அதற்காகப் பெரும் வரி செலுத்தி, 2025 நவம்பரில் இந்தியச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஐந்து லட்சம் ரூபாயை இத்தகைய நிதியில் போடலாமா?

பதில்: இயலாது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, துணிகர நிதிகளும் அடங்கும் மாற்று முதலீட்டு நிதியில் வெளி முதலீட்டாளர் ஒருவர் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் போட வேண்டும். வரம்பு உங்களைத் தடுப்பது நல்லதே. இடையில் பணம் தேவைப்பட்டால் எடுக்க வழியில்லாத முதலீடு இது.