ஆட்டோமேட்டிக் கியர் உதறுகிறது, ‘அதன் இயல்பே அதுதான்’ என்கிறார்கள்: புது வண்டி கேட்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடைத் தொழில் நடத்துகிறேன். பதினாறு மாதங்களுக்கு முன்பு டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கார் ஒன்றை ரூ.13.40 லட்சத்துக்கு வாங்கினேன். நான் மட்டுமே உரிமையாளராக உள்ள என் நிறுவனத்தின் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறது. மூன்றாவது மாதத்திலிருந்தே, நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் வண்டி உதறுகிறது. இருமுறை சிக்னலில் நின்று கிளம்பும்போது ‘டி’யில் போட்டும் நகரவில்லை, திரையில் கியர் எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது, எஞ்சினை அணைத்துப் போட்ட பிறகுதான் நகர்ந்தது. ஐந்து முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். இருமுறை சாஃப்ட்வேர் மாற்றினார்கள். ஐந்தாம் முறை, ‘கிளட்ச் தேய்ந்துவிட்டது, நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்’ என்று ரூ.38,000 வாங்கிக்கொண்டு கிளட்சை மாற்றினார்கள். பத்தே நாளில் பழைய கதை. வண்டி இதுவரை 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புது வண்டியோ பணமோ கேட்டு வழக்குப் போடலாமா? வங்கித் தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். தவணையை நிறுத்தக் கூடாது. புது வண்டி என்ற கோரிக்கையை மட்டும் நீங்கள் நினைத்திருக்கும் வரிசையில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் மாநிலங்களில் ‘லெமன் லா’ என்ற பெயரில் சட்டங்கள் உண்டு. குறிப்பிட்ட முறை பழுது பார்த்தும் சரியாகாத புது வண்டியை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் சாரம். இணையக் காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டு, ‘மூன்று முறை விட்டாயிற்று, இனி வண்டியை மாற்றித் தர வேண்டியதுதானே’ என்று கேட்டு வருபவர்கள் ஏராளம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 39-ஆம் பிரிவின்படி குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் ஆணையம் உத்தரவிட முடியும். எத்தனை முறை பழுது பார்த்தால் எந்த நிவாரணம் என்ற கணக்கு அதில் கிடையாது. சாட்சியம் எதைத் தாங்குகிறதோ அதுவே கிடைக்கும்.

சாட்சியம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில், கிளட்சில் குறை என்பதற்காக வண்டியையே மாற்றித் தரும்படி கீழே பிறப்பிக்கப்பட்டிருந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி விதி குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் கடமைப்படுத்துகிறது என்று கூறி, வண்டிக்குப் பதிலாகக் குறையுள்ள பாகத்தை மாற்றித் தரும்படி அந்த உத்தரவைத் திருத்தியது. இன்றுவரை எந்தக் கார் நிறுவனத்தின் பதிலுரையிலும் இந்தத் தீர்ப்பு முதல் பக்கங்களிலேயே வந்துவிடும். ஆனால் 2010 நவம்பரில் ஃபியட் இந்தியா நிறுவனம் தொடர்பான வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் வண்டியில் உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருப்பதாகக் கருதினால், வாங்கியவருக்கு விலையும் வாழ்நாள் வரியும் 12 சதவீத வட்டியுடன் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள பாலம் வல்லுநரின் அறிக்கைதான்.

ஆகவே மனுவில் கோரிக்கைகளை இப்படி அடுக்கச் சொல்வேன்: கிளட்ச், கட்டுப்பாட்டுக் கருவி உட்பட முழு கியர்பாக்ஸையும் செலவின்றி மாற்றி, மாற்றிய நாளிலிருந்து புதிய வாரண்டி தர வேண்டும், குறை வண்டியின் உற்பத்தியிலேயே இருப்பதாக வல்லுநர் கண்டால், மாற்று வண்டியோ வட்டியுடன் விலையோ தர வேண்டும், எப்படியாயினும் ரூ.38,000-ஐத் திருப்பித் தந்து, இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்க வேண்டும். புது வண்டியை மட்டும் கேட்டு, அதற்கான சாட்சியம் இல்லாமல் போய், வெறுங்கையுடன் திரும்பிய கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘இந்த வகைக் கியரின் இயல்பு’ என்ற பதிலை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. டூயல் கிளட்ச் அமைப்பில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்றும் இருக்கின்றன. ஊர்ந்து செல்லும் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கியபடியே இருப்பதால் சூடேறும். எண்ணெயில் இயங்காத உலர் வகையானால் சூடு இன்னும் விரைவாக ஏறும். மெல்லிய உதறல் இந்த அமைப்போடு பிறந்தது என்று நிறுவனத்தின் பொறியாளர் சாட்சிக் கூண்டில் சொன்னால், அதைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது எளிதன்று. ஆனால் நின்று கிளம்பும் வண்டி ‘டி’யில் போட்டும் நகராமல் நிற்பதை எந்தப் பொறியாளரும் இயல்பு என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு நிகழ்வுகளும் நடுவில் ஒளிந்து கிடக்கின்றன. மனுவில் அவைதான் தலைமையில் நிற்க வேண்டும்: எந்தத் தேதி, எந்தச் சிக்னல், வண்டியில் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றுடன்.

சட்டம் பேசுவது ‘உற்பத்திக் குறைபாடு’ பற்றி மட்டுமன்று என்பதையும் கவனியுங்கள். 2(10)-ஆம் பிரிவின்படி, சட்டமோ ஒப்பந்தமோ கோருகிற தரத்தில் மட்டுமின்றி, விற்பவர் தாமே கூறிக்கொண்ட தரத்தில் ஏற்படும் குறையும் ‘குறைபாடு’தான். நகர நெரிசலில் வழுவழுப்பாக ஓடும் என்று விளம்பரக் கையேட்டில் அச்சிட்டவர், நெரிசலில் உதறுவது இயல்பு என்று பிறகு சொன்னால், அந்தக் கையேடே உங்கள் ஆவணமாகிவிடும். வண்டி வாங்கியபோது கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்து வையுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: ஷோரூமில் இருக்கும் அதே மாடல் டெமோ வண்டியை, அதே சாலையில், சர்வீஸ் சென்டரின் தொழில்நுட்பரை அருகில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். டெமோ வண்டி உதறாவிட்டால் ‘இயல்பு’ என்ற வாதம் விழுந்தது. அனுமதி மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

ஓட்டும் விதம் பற்றிய குற்றச்சாட்டுக்கு முதலில் உங்களுக்கு நீங்களே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மேம்பாலச் சரிவில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் உண்டா? இத்தகைய கியர்களில் கிளட்சைக் கருக்கும் பழக்கம் அது. அது இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால், 14,000 கி.மீ.க்குள் கிளட்ச் தேய்ந்ததே உங்களுக்குச் சாதகமான சாட்சியம். கட்டுப்பாட்டு அமைப்பு தவறாக இயங்கி, தேவையில்லாமல் கிளட்சை வழுக்கவிட்டிருந்தால், தேய்மானம் அதன் விளைவேயன்றிக் காரணமாகாது. புதுக் கிளட்ச் போட்ட பத்தாம் நாளே குறை திரும்பியது இதைத்தான் சுட்டுகிறது. தேயும் பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்ற விதி அப்போது அவர்களுக்குக் கைகொடுக்காது. பழைய கிளட்சை அவர்கள் இன்னும் அப்புறப்படுத்தாமல் வைத்திருந்தால், அதைப் பாதுகாத்து வைக்குமாறு இன்றே எழுதுங்கள்.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் கையெழுத்து வாங்கும் படிவம். சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒருவர் ஏழு முறை வண்டியை விட்டிருந்தார். ஏழு ஜாப் கார்டுகளை விரித்துப் பார்த்தபோது ஐந்தில் ‘பொதுப் பரிசோதனை’ என்றும் இரண்டில் ‘வண்டி கழுவுதல்’ என்றும் மட்டுமே இருந்தன. கியர் என்ற சொல்லே எங்கும் இல்லை. வாயால் சொன்னதைச் சர்வீஸ் ஆலோசகர் தமக்குப் பழக்கமான சொல்லில் தட்டிவிட்டார். இவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். வண்டியை விடும்போது உங்கள் புகாரை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். எடுக்கும்போது ‘திருப்தியாக உள்ளது’ என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதன் அருகிலேயே பேனாவால் ‘குறை நீடிக்கிறது, ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி, தேதியிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்பே அச்செடுத்துத் தரக் கேளுங்கள். அழித்த பிறகு அந்தப் பதிவு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். வண்டி நகராமல் நின்ற காணொளி இருந்தால், மூலக் கோப்பைக் கைபேசியிலேயே வைத்திருங்கள். அதைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது.

ஒரு கேள்வியை மட்டும் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: ‘இந்த நிலையில் இவ்வண்டியைக் குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் ஓட்டுவது பாதுகாப்பானதா?’ ஆம் என்று எழுத சர்வீஸ் மேலாளர் தயங்குவார். இல்லை என்று எழுதவும் முடியாது. என் அனுபவத்தில், மூன்று மாதம் அசையாத கோப்பு இந்தக் கேள்விக்குப் பிறகு நிறுவனத்தின் வட்டார அலுவலகம் வரை போயிருக்கிறது.

பதிவு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் ‘வணிக நோக்கம்’ என்ற ஆட்சேபனை நிச்சயம் வரும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்லர். ஆனால் தனி உரிமையாளர் நிறுவனம் உரிமையாளரிடமிருந்து வேறான சட்ட நபர் அன்று; மேலும், வண்டி எதற்காக வாங்கப்பட்டது, எப்படிப் பயன்படுகிறது என்பதே கேள்வி. நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தாலும் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் வணிக நோக்கத்தில் வராது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டைம்லர் கிரைஸ்லர் நிறுவனம் தொடர்பான வழக்கில் கூறியிருக்கிறது. வருமான வரிக் கணக்கில் வண்டியைத் தொழிலின் சொத்தாகக் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்து நீட்டுவார். அதை முன்கூட்டியே என்னைப் போன்ற உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள், விசாரணை அறையில் முதன்முதலாகக் கேள்விப்பட வைக்காதீர்கள். சரக்கு ஏற்றவோ வாடகைக்கு விடவோ பயன்படுத்தாதவரை இந்த ஆட்சேபனையைச் சமாளிக்கலாம்.

செலுத்திய விலை ரூ.50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆர்டர் படிவத்தில் ‘மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்பது போன்ற வரி இருந்தாலும் அஞ்ச வேண்டாம். பத்து முதல் இருபது லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் ரூ.400. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அதை ஐந்தாம் பழுதிலிருந்து எண்ணலாம் என்ற வாதம் உண்டு என்றாலும், குறை முதலில் தெரிந்த மூன்றாவது மாதத்திலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் பத்து, பதினொரு மாதங்களே உள்ளன. கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் இந்தக் காலம் நீளாது. தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் இல்லாதவரைக் கைகாட்டுவார்.

மனுவுடன் சேர்த்தே, 38-ஆம் பிரிவின் கீழ் வண்டியைச் சோதிக்கக் கோரும் விண்ணப்பத்தையும் போடுங்கள். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். வெறும் பார்வையிடல் போதாது: நெரிசல் சாலையில் குறைந்தது ஒரு மணி நேரம், கிளட்சின் வெப்பநிலையையும் பிழைக் குறியீடுகளையும் பதிவு செய்தபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். குளிர்ந்த வண்டியை வளாகத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ‘குறை ஏதும் தென்படவில்லை’ என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். வழக்குக்கு முன் வெளி மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைத் திறக்காதீர்கள். வாரண்டியை மறுக்க அதைவிட நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைக்காது.

சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அதுவரை தவணை, காப்பீடு, குறிப்பிட்ட கால சர்வீஸ் மூன்றையும் விடாதீர்கள். வங்கி உங்களுக்குக் கடன்தான் கொடுத்தது. கியர்பாக்ஸ் பற்றிய சச்சரவு அதைக் கட்டுப்படுத்தாது, தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் விழும்.

வழக்கின் நடுவில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால், முழு கியர்பாக்ஸும் புதிய வாரண்டியும் ரூ.38,000-ம் எழுத்துபூர்வமாகத் தரப்படும்போது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். கிளட்சை மட்டும் இன்னொரு முறை மாற்றித் தருகிறோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக் காலை முதல் வேலையாக, ஐந்து ஜாப் கார்டுகளின் பிரதிகளையும் இரண்டு சாஃப்ட்வேர் மாற்றங்களின் பதிவையும் கேட்டுச் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவை கைக்கு வந்ததும் வழக்கறிஞர் அறிவிப்பைத் தயாரிக்கலாம்.